கீழ்க்கிளை

ரூடாவில், எங்கள் மூன்றாம் மாடி வீட்டில்
மரத்தை நிறுத்தியதும் முதலில் தொங்குவது புனித பார்பரா.
கட்டைவிரல் அளவுக் கண்ணாடி. கையில் கோபுரம்.
மூக்கில் மட்டும் பொன்பூச்சு உதிர்ந்திருக்கும்.

விண்மீனுக்கு உச்சி, தேவதைகளுக்கு நடு,
சுரங்கக்காரர்களின் புனிதைக்குத் தரையோரம்.
பூனை எட்டி அடிக்கிற உயரம் என்று
நானும் சொல்லிப் பார்த்திருக்கிறேன்.
"கீழே இறங்குகிறவன் கண்ணில் படணும்" என்பான் அலோய்ஸ்.

இந்த மார்ச்சில் நிலக்கரிச் சுரங்கத்தை மூடினார்கள்.
அதன் வாயில் கான்கிரீட் ஊற்றியபோது
பேண்டு வாத்தியம்கூட இருந்தது.
இப்போது டிராம் ஓட்டுகிறான், பதினொன்றாம் எண்.
வெளிச்சத்தில் வேலை; நகக்கண்கூட வெளுத்துவிட்டது.

அதனால் இந்த முறை நானே
புனிதையை மேலே மாட்டினேன், ஜன்னலுக்கு நேராக.
பார்த்தான்.
பீட்ரூட் சூப்பைக் குடித்து முடித்தான்.

இரவில் தண்ணீருக்கு எழுந்தபோது
மரத்தடியில் மண்டியிட்டிருந்தான், ஜெபத்துக்கு அல்ல,
இருட்டில் கொக்கியைக் கீழ்க்கிளையில் மாட்டத் தடுமாறிக்கொண்டு.
"கிந்தர் இன்னும் மேலே வரலையே" என்றான்.

பூனையை
சமையலறையில் விட்டுப் பூட்டினேன்.