ஐஸ் சீட்டின் பின்பக்கம்

மூக்கையூர் ஐஸ் பிளாண்டில் இரவு ஒன்றரை.
கம்ப்ரசர் ஒரே சுருதியில் உறுமிக்கொண்டிருக்கிறது.
கடைசிப் படகு எழுபது பார் ஏற்றிப் போய்
நாலு மணி நேரம் இருக்கும்.

சீட்டின் முன்பக்கம்:
படகு எண், எத்தனை பார், பழைய பாக்கி.
பின்பக்கம் நான்.

மூன்று மீட்டர் இடைவெளியில்
இரண்டு புள்ளி மின்னூட்டங்கள்.
இடப்பக்கம் நாலு நானோ கூலூம்,
வலப்பக்கம் ஒன்று.
இரண்டும் நேர்க்குறி.
தொகுபயன் மின்புலம் சுழியாகும் புள்ளி எது?

ஐந்து மதிப்பெண்.
போன மார்ச்சில் "நடுவில்" என்று எழுதிவிட்டு
பஸ் பிடித்து வந்துவிட்டேன்.
நடு என்றால் நியாயம் என்று
எங்கிருந்து தொற்றியதோ அந்தப் பழக்கம்.

உப்புக்காற்றில் தாள் பதத்துப்போய்
மை கோட்டுக்கு வெளியே கசிகிறது.
நாலின் கீழ் எக்ஸ் ஸ்கொயர்.
ஒன்றின் கீழ், மூன்றில் எக்ஸைக் கழித்து, அதற்கும் ஸ்கொயர்.
இரண்டையும் சமமாக்கி மூலம் எடுத்தால்
எக்ஸ் இரண்டு.

பெரியதிலிருந்து இரண்டு மீட்டர்,
சின்னதிலிருந்து ஒன்றே ஒன்று.
அங்கே நின்றால்
ஒன்பது இந்தப் பக்கம் தள்ளுகிறது
ஒன்பது அந்தப் பக்கம்.

ஐஸ் உடைத்த கையை லுங்கியில் துடைத்தபடி
பெலவேந்திரன் எட்டிப் பார்க்கிறான்.
"ஒண்ணுமே இல்லாத இடத்துக்கா இம்புட்டுக் கணக்கு?"
ஒண்ணுமில்லாமல் இல்லை,
பதினெட்டு இருக்கு, அடித்துக்கொண்டு கிடக்கு என்றேன்.
"கடல்ல சுழின்னா ஆளை இழுக்கும்.
உன் சுழி இழுக்கவும் மாட்டேங்குது
தள்ளவும் மாட்டேங்குது."

அவனுக்கு இன்னொன்றும் சொன்னேன்.
அந்தப் புள்ளியில் ஒரு நேர் மின்துகளை வைத்து
கோட்டோடு கொஞ்சம் நகர்த்தினால் திரும்பி வந்துவிடும்.
கோட்டுக்குக் குறுக்கே
மயிரிழை நகர்ந்தாலும் போதும்,
போயே போய்விடும்.
அவன் சிரிக்கவில்லை.
"எஞ்சின் நின்ன போட்டும் அப்படித்தான்" என்று
சம்மட்டியை எடுத்துக்கொண்டு போனான்.
அவன் மச்சான் பதினோரு நாள் கழித்து
அக்கரையிலிருந்து போன் செய்த கதை
பிளாண்டில் எல்லோருக்கும் தெரியும்.

எக்ஸுக்கு இன்னொரு விடையும் உண்டு. ஆறு.
புத்தகத்தில் ஒரே வரி: "இது பொருந்தாது."
ஏன் என்று நானே போட்டுப் பார்த்தேன்.
ஆறில் நின்றால் பெரியது தரும் புலம் ஒன்று,
சின்னது தருவதும் ஒன்று.
அளவு சமம்தான்.
ஆனால் இரண்டும் ஒரே பக்கம்,
வெளியே.

ஃபெயிலான அந்த மே மாசம்
அம்மாவும் அண்ணன் ரெஜிசும்
பிறந்ததிலிருந்து முதல் தடவையாக
ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள்.
மாப்பிள்ளைக்குத் தொண்டியில் சொந்தப் படகாம்.
எக்ஸ் ஆறு என்பதை
இனி நான் தேர்வில் மறக்க மாட்டேன்.
அம்புக்குறி போட்டேன், இரண்டு தரம் அழுத்தி.

கரண்ட் போனது.
கம்ப்ரசர் மூச்சுவிட்டு அடங்க
அலைச்சத்தம் இத்தனை கிட்டத்திலா இருந்தது?
இது சுழி இல்லை. இது வெறும் நிறுத்தம்.
ஜெனரேட்டர் பிடிக்கிறவரை
செல்போன் வெளிச்சத்தில் அலகு எழுதினேன்:
நியூட்டன் வகுத்தல் கூலூம்.
அலகு விட்டால் அரை மதிப்பெண் போகும்.

மூணு மணிக்கு ஒரு வள்ளம்.
பன்னிரண்டு பார், அவசரம்.
கைக்குக் கிடைத்த சீட்டில் எழுதி
கிழித்துக் கொடுத்துவிட்டேன்.
பாதி வழி போனவர் திரும்பி வந்து
டார்ச்சை அடித்து, சீட்டைப் புரட்டி,
"இந்தப் பக்கமும் ஏதோ கணக்கு இருக்கே தாயி,
இது யாரு பாக்கி?"

என் பாக்கி என்றேன்.
உங்களுக்குப் பன்னிரண்டுதான்.