ஏழாவது பெயர்

பழைய பட்டு ஆலைக்குள்
ப்ளைவுட்டில் ஒரு செய்தி அறை கட்டியிருக்கிறார்கள்.
ஜன்னலுக்கு வெளியே திபிலிசி, துணியில் அச்சிட்டது;
அங்கே எப்போதும் மாலை ஐந்தரை.
தொலைபேசிகளுக்குக் கம்பி கிடையாது.
மேஜை மேல் கட்டுக் கட்டாய் நாளிதழ்கள்:
முதல் பக்கத்தில் மட்டும் எழுத்து,
பிரித்தால் உள்ளே வெள்ளை.

எனக்கு இங்கே ஆலோசகர் வேலை.
நாள் கூலி, மதியச் சாப்பாடு.
நிருபர்கள் நோட்டை எப்படிப் பிடிப்பார்கள்,
பொய் சொல்கிறவன் எதிரே உட்கார்ந்து
பேனாவை எப்போது மூடி வைப்பார்கள் என்று
நடிகை கேதெவானுக்குக் காட்டித்தர வேண்டும்.
அவள் நடிப்பது என்னை.
பெயரை மாற்றிவிட்டார்கள்,
இருமலை மாற்றவில்லை.

பேனாவை மூடும் வித்தை எத்தேரியுடையது.
என்னைவிட இரண்டு வயது இளையவள்,
எனக்கு மேல் நாற்காலி.
"மூடி வை. அப்புறம்தான் பேசுவான்" என்பாள்.
என் பத்திகளைச் சிவப்பு மையால் கிழித்துவிட்டு
தன் ரொட்டியில் பாதியை என் பக்கம் தள்ளுவாள்.
அந்த நாற்காலி மேல் எனக்கிருந்த கண்
அவளுக்குத் தெரியும்.
"காலியானால் சொல்கிறேன்" என்றாள் ஒருநாள்,
சிரிக்காமல்.

கோப்பு வந்தது ஒரு பிப்ரவரியில்.
பள்ளிக்கூடங்களுக்கு வாங்கிய கொதிகலன்கள்,
வாங்காமலே கணக்கெழுதிய கொதிகலன்கள்,
கோட்டைக் கழற்றாமல் பெருக்கல் போட்ட பிள்ளைகள்.
அடியில் ஏழு கையெழுத்து.
ஏழாவதன் வாலைப் பார்த்ததும் அறிந்தேன்.
ஆறாம் வகுப்பில் என் மதிப்பெண் அட்டையில்
அப்பாவின் பெயரைப் போட்டு
என் முதுகைக் காப்பாற்றிய அதே வால்.
மெராப்.
என் அண்ணன்.

தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடுமாம்.
எனக்கு ஆடியது
வலக்கைச் சுண்டுவிரல்.
ஒரு வரி போயிற்று.
தாழ்வாரத்தில் துடைப்பவரின் வாளி
ஒரு முழம் நகர்ந்தது.

"ஆறா?" என்றாள் எத்தேரி.
"ஆறு" என்றேன்.
லிஃப்ட் ஒன்று கீழே போய்ச் சேரும் நேரம்
என்னையே பார்த்தாள்.
பிறகு அச்சுக்கு அனுப்பினாள்.

வழக்கு வந்தது.
ஏழாவது ஆள் எங்கே என்று
ஆறு பேரின் வக்கீல்களும் கேட்டார்கள்.
"இடம் போதவில்லை, வெட்டியது நான்" என்று
சாட்சிக் கூண்டில் நின்று சொன்னாள்.
அந்த வாலை யாராலும் படிக்க முடியவில்லை
என்றது நீதிமன்றம்.

எனக்கு விருது. எனக்கு நாற்காலி.
மெராப் திராட்சைத் தோட்டம் வாங்கினான்.
வருடா வருடம் ஒரு சிறு பீப்பாய் ஒயின் அனுப்புகிறான்;
வேண்டாம் என்று நான் ஒருமுறைகூடச் சொன்னதில்லை.
எத்தேரி பதூமியில்
கார் ஓட்டக் கற்றுத் தருகிறாள் என்று கேள்வி.

ஒன்பதாவது எபிசோடு. மூன்றாவது டேக்.
திரைக்கதையில் நான் ஏழு பெயரையும் போடுகிறேன்.
எழுதியவருக்கு அப்படித்தான் தோன்றியிருக்கிறது.
நானும் திருத்தவில்லை.
"அந்த நொடி உங்கள் கை எப்படி இருந்தது?"
கேதெவான் கேட்டாள்.
"ஜில்லென்று" என்றேன்.
அது உண்மை.

இணைப்பில்லாத விசைப்பலகையில்
ஒவ்வொரு எழுத்தாக
அவள் என் அண்ணனை அடித்தாள்.
அழவில்லை. கடைசி எழுத்தில்
ஒரு சின்ன இருமல்.
செட்டே கை தட்டியது.
என் கைகள் கோட்டுப் பைக்குள் இருந்தன.

ஒளிபரப்பான இரவில் மெராப் அழைத்தான்.
"என்னை நடிக்கிறவனுக்குத் தலைமுடி ஜாஸ்தி" என்று சிரித்தான்.
சிரித்து முடித்து,
"இப்படி எழுதச் சொன்னது நீயா?" என்றான்.

அதற்குள் தெரியாத எண்ணிலிருந்து ஒரு செய்தி,
பதினோரு வருடத்தில் முதல் தடவை:
"ஏழு. இப்போது கணக்குச் சரி.
அந்த இருமலுக்கு டாக்டரைப் பார்."

அண்ணன் இன்னும் லைனில் இருந்தான்,
மூச்சு மட்டும் கேட்டது.
நான் மேஜையில் கிடந்த பேனாவை எடுத்து
மூடி வைத்தேன்.