ஒரு 'ங்க' குறைவு

புதன்கிழமை ஏழரை.
கோபியில் மாடியறைக் கதவைச் சாத்தி
அடியிடுக்கில் துண்டைச் சுருட்டி வைக்கிறேன்.
கீழிருந்து குக்கர் சத்தம் மேலே வரக் கூடாது.
இங்கிருந்து ஒரு சொல்லும் கீழே போகக் கூடாது.

திரையில் அவர்.
பெயர் சொல்ல மாட்டேன், தொழில் விதி.
சோமனூர்ப் பக்கம். முப்பத்தாறு தறி,
ஓடுவது பன்னிரண்டு
(எண்ணிக்கையையும் மாற்றித்தான் சொல்கிறேன்).
வீட்டில் பேச இடமில்லை என்று
சைசிங் மில்லுக்குப் பின்னால் காரை நிறுத்தி
கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருக்கிறார்.
அப்படியும் தறிச்சத்தம் உள்ளே வந்து
அவருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொள்கிறது.

முதல் நாள் என் பதிவு எண்ணைக் கேட்டார்.
நூல் மூட்டையில் லாட் நம்பர் பார்ப்பதுபோல்
ஒவ்வோர் எண்ணாகத் திருப்பிச் சொல்லிவிட்டு
"சரியா இருக்குதுங்க" என்றார்.
அப்புறமும் அரைமணி நேரம் பஞ்சு விலை பேசினார்.
பேசட்டும் என்று விட்டேன்.

படிவத்தைப் பார்த்து "மனச்சோர்வு" என்று வாசித்தேன்.
"அதெல்லாம் இல்லீங்க."
"வெசனம்?" என்றேன்.
கார் கண்ணாடியைத் துடைத்தார்,
உள்பக்கம்.

எங்கள் சீமையில் எல்லாவற்றுக்கும் ஒரு ங்க உண்டு.
அப்பனுக்கு, கண்டக்டருக்கு, வட்டிக்குக் கொடுத்தவனுக்கு,
சில வீடுகளில் எல்.கே.ஜி. பிள்ளைக்கும்.
தூக்கம் வரலீங்க.
சோறு எறங்கலீங்க.
துணியை வாங்கிக்கொண்டு
பத்து மாதமாய்ப் பணம் தராதவரைக் கேட்டால்
"நல்ல மனுசருதானுங்க."

மூன்றாம் வாரம் பேச்சின் நடுவே
அங்கே கரண்ட் போனது.
தறிகளெல்லாம் ஒரே மூச்சில் நின்றன.
அவ்வளவு அமைதி அந்தக் காருக்குப் பழக்கமில்லை.
அதற்குள்ளிருந்துதான் சொன்னார்:
"இருந்து என்னங்க பண்ணப் போறேன்."

அதிலும் ஒரு ங்க.

சாகலாம் என்று தோன்றுகிறதா?
சுற்றி வளைக்காமல் கேட்டேன்.
நேராகக் கேட்கச் சொல்கிறது படிப்பு,
கேட்பதால் எண்ணம் வளராது என்றும்.
அன்றைக்கு என் உள்ளங்கை வேர்த்ததைப் பற்றி
அது ஒன்றும் சொல்லவில்லை.

"ஆமாங்க."

பிறகு பார்த்ததெல்லாம் சின்னச் சின்னச் சோலி.
தோட்டத்து மருந்தறைச் சாவி
மச்சான் கைக்குப் போக வேண்டும், இன்றைக்கே.
இராத்திரி இரண்டு மணிக்கு யாரைக் கூப்பிடுவது:
பில் புத்தகத்தின் பின்னட்டையில்
அவர் கையெழுத்தில் மூன்று பெயர், மூன்று எண்.
சம்சாரத்திடம் எந்த வாக்கியத்தில் ஆரம்பிப்பது.
அந்த ஒன்றை மட்டும்
ஏழு தடவை சொல்லிப் பார்த்தோம்.
ஐந்தாவது தடவை
நான்தான் சம்சாரம். நன்றாக அழுதேன் போலிருக்கிறது,
"அவ அழுக மாட்டாளுங்க, திட்டுவா" என்று திருத்தினார்.

மச்சான் சாவியை வாங்கிக்கொண்டதைப்
போட்டோ எடுத்து அனுப்பும் வரை
கீழே சாப்பிடப் போகவில்லை.
தோசை ஆறிப்போய் வறவறவென்றிருந்தது.

ஆறாவது வாரம்.
கடன் கணக்கை ஒருதரம் திறந்து பாருங்கள் என்கிறேன்.
நாலாவது முறையாக.
"நாளைக்குங்க."
எந்த நாளைக்கு?
"நிறுத்து! எனக்குத் தெரியும்!"

முகம் சிவந்து, உடனே வெளுத்து,
"தப்பா நினைச்சுக்காதீங்க,
ஏதோ வாய் தவறி வந்துருச்சுங்க" என்கிறார்.
நான் குனிந்துகொண்டேன், சிரிப்பு தெரியக் கூடாது.
நோட்டில் தேதி போட்டு எழுதினேன்:
இன்று கோபம் வந்தது.
ஒரு ங்க குறைவு.

இன்னும் எட்டு நிமிடம் இருந்தது.
"அந்தக் கணக்கு நோட்டு
எங்கதானுங்க இருக்குது?" என்றேன், நானும்.

"வண்டிலதானுங்க,
சீட்டுக்கு அடியில."

ஆறு வாரமாய் அதன்மேல் உட்கார்ந்துதான்
பேசிக்கொண்டிருக்கிறார்.