இடிக்குப் பின் மின்னல்

கழிவுநீரின் எடையில் ஓடும் ஃப்ரிபூர் கயிற்றுவண்டியில்
மேலேறி வந்தார் உர்சினா கடுஃப்.
"மூன்று நிமிடம் தாமதம். வண்டி நாறுகிறது, நான் இல்லை."
அதுதான் அவருடைய வணக்கம்.

பல்கலைக்கழக நிலவறையில் எங்கள் ஆய்வுக்கூடம்.
தலைக்கு வலைத்தொப்பி, அறுபத்துநான்கு மின்முனை,
ஒவ்வொன்றின் கீழும் ஒரு சொட்டு உப்புநீர்.
குழந்தை ஷாம்பூவில் அதை அலசுவது என் வேலை,
சிக்கிய முடியைப் பிடுங்குவதும்.
பேராசிரியர் ஏபிஷர் முடிவுகளை எழுதுவார்.
இலிர் கணினிகளைத் திட்டுவான், அல்பேனிய மொழியில்.
மற்ற நேரமெல்லாம் நான்
காணொளிகளைப் பின்னோட்டி முன்னோட்டி
அசைவுக்கு ஓர் எண் போடுவேன்:
கை உதறினால் இரண்டு,
காதைப் பொத்தினால் மூன்று.

சோதனை எளிது.
திரையில் ஒரு வெளிச்சப் புள்ளி. காதில் ஒரு பீப்.
ஒன்றாக வந்தனவா? பொத்தானை அழுத்துங்கள்.
இரண்டு ஆண்டு, நூற்றுப் பன்னிரண்டு பேர்.
ஒப்பீட்டுக் குழுவில் ஒருவரும் முகம் சுளிக்கவில்லை.
"ஒன்றாகத்தான்" என்று பெருந்தன்மையாக அழுத்திவிட்டு
காப்பி குடித்துப் போனார்கள்.
ஆட்டிசம் உள்ளவர்களுக்கு இரண்டும் சேர்வதில்லை
என்ற வாக்கியம்
அச்சுக்கு அரை வழி போயிருந்தது.

பத்தாவது நிமிடம் உர்சினா தொப்பியைக் கழற்றினார்.
தானே, கொக்கி கொக்கியாக.
பஸ் டிப்போவில் கால அட்டவணை போடுகிறவர்.
"ஒன்றாக என்று நீங்கள் சொல்வதும் ஒன்றாக இல்லை.
சத்தம் முந்துகிறது.
வெளியே எதுவும் அப்படி வருவதில்லை.
இது வலிக்கிறது."

ஏபிஷர் தலையசைத்தார், பரிவோடு.
அந்தப் பரிவை எனக்குத் தெரியும்.
என் ஃபிரெஞ்சைக் கேட்கும்போதும்
அதையேதான் எடுத்து மாட்டிக்கொள்வார்.

வெள்ளி மாலை, யாரும் சொல்லாமலே,
இலிர் திரையில் ஓர் ஒளியுணரியை ஒட்டினான்.
இரண்டு கோடுகள் எழுந்தன.
ஒலி முதலில். ஒளி பின்னால்.
முப்பத்தெட்டு மில்லிநொடி.
புதுத் திரை வாங்கிய நாளிலிருந்து,
எல்லோருக்கும்.

நாக்கு நுனி கொஞ்சம் வளைந்தால்
ஒலி ஒளியாகிவிடும் மொழி என்னுடையது.
அந்த வளைவுக்கும் இதைவிட நேரம் பிடிக்கும்.
கண்ணிமைத்தால் ஒரு மாத்திரை என்று படித்தேனே,
அதில் கால் பங்கு தேறுமா இது?
ஆனாலும்
இடித்துவிட்டுப் பிறகு மின்னுகிற ஒரு வானத்தின் கீழே
ஆளை உட்காரவைத்து
உங்களுக்கு என்ன குறை என்று கேட்டிருக்கிறோம்.

சனிக்கிழமை தனியே வந்து பழைய காணொளிகளைத் திறந்தேன்.
ஒன்பது பேர்.
சிவப்புக் காலுறை போட்ட ஒரு பையன்
புள்ளியைக் காட்டி "லேட்டு, லேட்டு" என்கிறான் அவன் பாஷையில்,
தெளிவாக, என்னைப் பார்த்தே.
சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லுதல், இரண்டு
என்று எழுதியிருக்கிறேன்.
ஒரு பெண் காதைப் பொத்துகிறாள். மூன்று.
கையெழுத்து என்னவோ அழகாகத்தான் இருக்கிறது.

திங்களன்று ஏபிஷர் வெகுநேரம் பேசவில்லை.
பிறகு பத்திரிகைக்கு எழுதி, கட்டுரையை நிறுத்தினார்.
உர்சினாவுக்கு நன்றிக் கடிதம் போனது.
பதில் ஒரே வரி:
வழிச்செலவு ஏழு ஃபிராங்க் நாற்பது இன்னும் வரவில்லை.

படிவத்தின் அடியில் இலிர் ஒரு கட்டம் சேர்த்தான்:
வேறு ஏதாவது?
ஒரு வரி போதும் என்றேன் நான்.
"அரைப் பக்கம் விடு" என்றார் ஏபிஷர்,
என் முகத்தைப் பாராமல்.

முதலில் வந்தவர் எழுதியிருக்கிறார்:
நாற்காலி கிரீச்சிடுகிறது.

எண்ணெய் எங்கே கிடைக்கும் என்று
மாடி மாடியாகக் கேட்டுக்கொண்டு போகிறேன்.