ஒன்பது டிகிரி

ஹெக்சேன் கொதிப்பது அறுபத்தொன்பதில்.
எத்தனால் எழுபத்தெட்டில்.
நடுவில் இருக்கும் ஒன்பது டிகிரிக்கு
பாய்லரில் எத்தனை டன் சவுக்கு என்று கேட்டு
கால்குலேட்டரை என் பக்கம் தள்ளினார் முதலாளி.

நான் கணக்கோடு போயிருக்கவில்லை.
பையில் ஒரு செருப்புதான் இருந்தது.
இடது கால், எட்டாம் நம்பர்,
வார் அறுந்து ஒருமுறை தைத்தது.

இரண்டாம் ஷிப்டு முடிந்து கலியபெருமாள்
எக்ஸ்ட்ராக்டர் ஏணியிலிருந்து இறங்கி
டைம் ஆபீஸ் வரை நடந்து
கார்டு அடித்து
கேன்டீனில் உட்கார்ந்து டீயும் குடித்துவிட்டார்.
செருப்பு மூன்றாம் படியிலேயே கிடந்தது.
"என்னண்ணே, ஒத்தக் கால்ல செருப்பு?"
யாரோ கேட்ட பிறகுதான் குனிந்தார்,
அடுத்த வீட்டுக்காரன் காலைப் பார்ப்பதுபோல்.

முதுநகரில் சுகர் என்றார்கள்.
ரத்தம் எடுத்தார்கள், சுகர் இல்லை.
குடிப்பாரா என்றார்கள்.
அவர் பெண்சாதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது:
வருஷம் பூராவும் மாலை போட்ட மாதிரிதான் அந்த ஆள்.
ஜிப்மரில்
காலில் கம்பி ஒட்டி, நரம்பில் மின்சாரம் விட்டு
ஒரு சின்ன வயசு டாக்டர் கேட்டாள்:
"என்ன வேலை பாக்குறீங்க?"

தியாகவல்லி மணலில் பிடுங்கிய வெட்டிவேரை
அலசி, காயவைத்து, நறுக்கி,
தொட்டியில் திணித்து
மேலிருந்து ஹெக்சேன் விடுகிற வேலை.
மூடி திறந்ததும் முதலில் வருவது வேரின் மணமல்ல.
பெட்ரோல் பங்க்கில் நிற்பதுபோல் ஒரு தித்திப்பு.
பத்து நிமிஷத்தில் மூக்குக்குப் பழகிவிடும்.
மூக்குக்கு மட்டும் என்று நினைத்திருந்தோம்.

எண்ணெயில் எவ்வளவு மிச்சம் என்று
ஒவ்வொரு பேட்ச்சுக்கும் அளந்து எழுதுகிறவள் நான்.
பத்து பிபிஎம்முக்குக் கீழே.
எப்போதும் கீழேதான்.
கலியபெருமாளுக்குள் எவ்வளவு என்பதற்கு
ரிப்போர்ட்டில் கட்டம் இல்லை.

செருப்பைப் பார்த்து முதலாளி மனம் மாறினார்
என்று எழுத ஆசை.
மாற்றியது ஒரு மின்னஞ்சல்:
ஹெக்சேன் படாத எண்ணெய்க்கு
கிலோவுக்கு நாலாயிரம் கூடத் தருவார்களாம்.

அப்புறமும் ஏழு மாதம்.
மதுவிலக்கு ஆயத்தீர்வை அதிகாரி வந்து
எத்தனால் டேங்க்குக்கு இரண்டு பூட்டுப் போட்டு
ஒரு சாவியைத் தானே வைத்துக்கொண்டார்.
தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம்
பகல் பன்னிரண்டு மணிக்கு
அதே சரக்குக்கு வரிசை நின்றது.
ஹெக்சேனுக்கு வேலி போட்டிருந்தோம், தீக்குப் பயந்து.
நரம்புக்குப் பயந்து யாரும் எதையும் பூட்டியதில்லை.

எத்தனாலும் நல்ல பிள்ளை ஒன்றும் இல்லை.
அதற்கும் தீப்பிடிக்கும்.
வேரில் மிஞ்சிய தண்ணீரை, சர்க்கரையை, சாயத்தை
எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு வந்தது.
கறுத்த பாகாய் அடியில் பிடித்து
சுரண்டி எடுக்கவே இரண்டு நாள்.
மூன்று பேட்ச் வீண்.
நாலாவதில் வேரை மொறமொறவென்று காயவிட்டோம்.
வந்தது.
பழைய வாடிக்கையாளர் ஒருவர் எழுதினார்,
மண்வாசனை தூக்கலாக இருக்கிறதாம்.
வெட்டிவேரில் வேறு என்ன இருக்கும், சொல்லுங்கள்.

கலியபெருமாள் இப்போது எடைமேடையில்.
புரட்டாசியில் ஒரு நாள்
நெருஞ்சிமுள் ஏறி
கெட்ட வார்த்தையில் கத்தினார்.
எல்லாரும் ஓடினோம்.
பிடுங்க விடவில்லை,
"இரு, இரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

இங்கேயே முடித்திருக்கலாம்.

மீந்த பதினொரு டிரம் ஹெக்சேனை
இதே சாலையில் மூன்றாவது கேட்டுக்காரர்
பாதி விலைக்கு எடுத்துக்கொண்டார்.
கேட்பாஸில் என் கையெழுத்து.
லாரியில் ஏற்றியவன் சின்னப் பையன், பத்தொன்பது இருக்கும்.
வெறுங்கால்.
சித்திரை வெயிலில் காய்ந்த தகரத்தில்
நிற்க முடியாமல்
கால் மாற்றிக் கால் மாற்றிக் குதித்துக்கொண்டிருந்தான்.

அவனுக்கு இன்னும் சுடுகிறது.