நாற்பது நாற்காலிகள்

ராக்கெட் கிளம்பும் இரவுகளில்
என் மொட்டைமாடியில் ஒரு நாற்காலி எண்பது யுவான்.
தண்ணீர் இலவசம். இளநீர் தனிக் கணக்கு.
கழிப்பறை இரண்டாம் மாடியில்,
செருப்பைக் கழற்றிவிட்டுப் போகவும்
என்று எழுதி ஒட்டியிருக்கிறேன்.
யாரும் படிப்பதில்லை.

லோங்லோவில் இப்போது எல்லார் வீட்டுக்கும் மாடி உண்டு.
எதிர்வீட்டு யுன் குடும்பம் தொலைநோக்கி வாங்கிவிட்டது.
என்னிடம் இருப்பது நாற்பது நீல பிளாஸ்டிக் நாற்காலி.
ஒன்றுக்குக் காலில் விரிசல்.
அதைக் குழந்தைகளுக்குத்தான் கொடுப்பேன்.

இன்று கடல் மூடியிருக்கிறது.
நண்பகலிலேயே படகுகளைக் கரைக்கு அழைத்துவிட்டார்கள்.
என் கணவர் ஷிஜுன் தண்ணீர்த் தொட்டியோரம் உட்கார்ந்து
நேற்றே சரிசெய்த நண்டுக்கூடையை
மறுபடி சரிசெய்கிறார்.
"மேலே ஒன்று போவதற்காக
கீழே மீனுக்கெல்லாம் ஒரு நாள் ஆயுள் கூடுகிறது"
என்கிறார். சிரிக்கவா வேண்டாமா, தெரியவில்லை.

பதினொன்றரை என்றார்கள்.
பிறகு பன்னிரண்டே கால்.
பிறகு ஒன்றும் சொல்லவில்லை.
மூன்றாவது கொசுவர்த்தி ஏற்றியாயிற்று.
ஹெனானிலிருந்து வந்த ஒரு தகப்பன்
தூங்கிவிட்ட மகனை எழுப்புவதா வேண்டாமா என்று
மனைவியோடு கிசுகிசுப்பாகச் சண்டை போடுகிறான்.
கடைசி வரிசையில் தனியாக ஓர் ஆள்.
இளநீர் வாங்கி மடியில் வைத்திருக்கிறான்,
குடிக்கவில்லை.

ஆறு வருடமாக மாடி வாடகைக்கு விடுகிறேன்.
ராக்கெட்டை நான் பார்த்ததில்லை.
நிஜமாகத்தான்.
அந்த நேரம் பார்த்துச் சிலர் நாற்காலி மேல் ஏறுவார்கள்.
யாராவது கைப்பிடிச் சுவரில் ஏறிவிட்டால்
அது என் தலையில் விடியும்.
அதனால் கடலுக்கு முதுகைக் காட்டி
கூட்டத்தைப் பார்த்தே நிற்பேன்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்:
முதலில் முகங்கள் தெரியும்.
மூடி திறந்த அடுப்புக்கு முன்னால் நிற்பவர்கள்போல.
என் நிழல் என்னை விட்டு நீண்டு
அவர்கள் காலடியில் போய் விழும்.
யுன் வீட்டுச் சேவல் ஏமாந்து கூவும்.
வெளிச்சம் வந்துவிட்டது, சத்தம் வரவில்லை.
நடுவில் பதினான்கு எண்ணலாம்.
திறந்த வாய்களிலிருந்து ஒரு குரலும் எழாத
அந்தப் பதினான்குக்குள்
தலைகளை எண்ணி முடித்துவிடுவேன்.

இன்று முப்பத்தொன்பது.

மறுபடி எண்ணினேன். முப்பத்தொன்பது.
தகப்பன் கையில் பையன் இருக்கிறான்,
விழிக்கவில்லை, முகம் மட்டும் ஆரஞ்சாகி.
கூட்டத்தைப் பிளந்துகொண்டு பின்னால் ஓடினேன்.
அந்த ஆள் எழுந்திருக்கவேயில்லை.
கண்ணை இறுக மூடி, உதடு மட்டும் அசைய,
அவனும் எண்ணிக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் சத்தம் வந்தது.
காதுக்கு முன்பே பாதத்துக்கு வந்தது.
தொட்டித் தண்ணீர் நடுங்கியது,
தகரம் நடுங்கியது, என் கடைவாய்ப்பல் நடுங்கியது.
அவன் கண்ணைத் திறக்கவில்லை.

இருபது நிமிடத்தில் மாடி காலி.
தெருவெல்லாம் கார் ஹாரன்.
அவன் மட்டும் போனையே பார்த்துக்கொண்டு இருந்தான்.
"நாற்காலிகளை அடுக்கணும்" என்றேன்.
"இன்னும் ஒன்பது நிமிடம்" என்றான்.
ஒன்பது நிமிடம் கழித்து
இளநீரை ஒரே மூச்சில் குடித்தான்.

"ஒரு வால்வு" என்றான்,
கட்டைவிரலைக் காட்டி. "இவ்வளவுதான் இருக்கும்.
என் வேலை முந்தாநாளே முடிந்துவிட்டது.
இன்றைக்கு உள்ளே என்னைப் போன்றவர்களுக்கு
இடமில்லை."
பிறகு, கொஞ்சம் வெட்கத்தோடு:
"பார்க்க எப்படி இருந்தது?"

நான் என்ன சொல்ல?
இரண்டு பேருமாக ஷிஜுனைத் திரும்பிப் பார்த்தோம்.
கூடையிலிருந்து அவர் தலை நிமிரவில்லை.
"போச்சு" என்றார்.
ஒரு முடிச்சுப் போட்டு, பல்லால் கயிற்றை அறுத்து,
"மெதுவா" என்றார்.

மெதுவாகவா?
இத்தனை வருடம்
வேகமாகப் போகும் என்றல்லவா நினைத்திருந்தேன்.