மின்வெட்டு

ரெமிக்கு ஏசியின் முனகல் வேண்டும்.
சுவரில் காது ஒட்டி
மணிக்கணக்காய் நிற்பான்.
அது நின்றால்
சால்மியாவின் எட்டு மாடிக்கும் கேட்கும்
அவன் அலறல்.

கீழ்வீட்டு ரிஃபாத், எகிப்துக்காரர்,
துடைப்பக்கட்டையால்
கூரையை இடிப்பார்.
லிஃப்டில் செருப்பைப் பார்த்தபடியே
இறங்குவேன்.
தேய்ந்து தேய்ந்து
"சாரி"யில் சத்தமே இல்லை இப்போது.

ஆகஸ்ட் மதியம். கரண்ட் போயிற்று.
கதவு தட்டும் சத்தம்.
வழக்கமான மன்னிப்போடு திறந்தேன்.

"மெஷின் நின்றால்தான் அழுகிறான், இல்லையா?"
உடைந்த இந்தியில் கேட்டார்.
வியர்வை சொட்டச் சொட்ட
சுவரோரம் உட்கார்ந்து
"ம்ம்ம்ம்" என்றார்.

சுருதி தப்பு.
ரெமி அவர் தாடையைப் பிடித்துத்
தாழ்த்தினான்,
இன்னும் கொஞ்சம்.

தண்ணீர் நீட்டி
"சாரி" என்று தொடங்கினேன்.
கையை மட்டும் ஆட்டினார்,
முனகலை விடாமல்.